அதே நாடகத்தைத் திரும்ப எடு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

உன் குரல்பதிவு கேட்டேன். நாடகத்துக்குச் சனம் வரவில்லை, வந்தவர்களும் "இது கூத்துமில்லை, நாடகமுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அதனால் வேலையை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி முழுநேரமாக இறங்கப் போகிறேன் என்கிறாய்.

முதலில் வேலையை விடாதே மனே. அம்மா பயத்தில் சொல்கிறாள் என்று நினைக்காதே. நம்முடைய சீலாமுனை மௌனகுரு சேரைப் பார். கூத்தை வைத்து இவ்வளவு பரிசோதனை செய்த மனுசன், நாடகத்தை நம்பி உலை வைக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார், பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், அதன்பின் கிழக்குப் பல்கலைக்கழகம். மாதச் சம்பளம் வந்ததால்தான் யாரையும் குளிர்விக்க நாடகம் போடவேண்டிய தேவை அவருக்கு வரவில்லை என்பது என் எண்ணம்.

"இது கூத்தில்லை" என்கிற பேச்சும் புதிதில்லை. கூத்துப் பழக்குகிற வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து, விடிய விடிய ஆடும் கூத்தை ஓரிரு மணிநேரத்துக்குள் அடக்கி மேடையேற்றினார் அங்கே படிப்பித்த வித்தியானந்தன். அந்த வரிசையில் 1964இல் வந்ததுதான் 'இராவணேசன்'. எழுதியதும் இராவணனாக ஆடியதும் அப்போது மாணவனாக இருந்த மௌனகுரு. அப்புறம் 'சங்காரம்' எழுதினார். அதில் சாதியும் இனமும் வர்க்கமும் அரக்கர்களாக வந்து வடமோடிக் கூத்து ஆடின. இவ்வளவும் செய்தவர், தலை நரைத்த பிறகு பல்கலைக்கழகப் பிள்ளைகளை வைத்து அதே 'இராவணேசனை' மறுபடி எடுத்தார். புதிதாக எழுதத் தெரியாமலா?

நீயும் அந்த நாடகத்தையே திரும்ப எடு.

வீடியோ பார்த்தேன். ஆட்டம் பிழையில்லை. ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து ஆடுகிறீர்கள். ஊரில் கூத்தாடும் களரி நினைவிருக்கிறதா? வட்டமாக மண் உயர்த்தி, சுற்றிவரச் சனம் பாயில். வரவுப் பாட்டுப் பாடி உள்ளே வருகிறவர் நாலு பக்கமும் திரும்பித்தான் ஆடவேண்டும். நம் பக்கம் முதுகு இருக்கிறபோது சதங்கைச் சத்தமும் பிற்பாட்டும்தான் நமக்கு. முகம் எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டே இருப்போம். மேடைக்குப் போனதில் தொலைந்தது அதுதான். நேரத்தை வெட்டியதில் எனக்குக் கோபமில்லை. (உன் அம்மம்மா நடுச்சாமத்தில் நித்திரையாகி விடியத்தான் எழும்புவா. அவவுக்கும் நட்டமில்லை.)

இன்னொன்று, மத்தளத்தை ரெக்கோர்ட் பண்ணிப் போடாதே. ஆள் இருந்து அடிக்கட்டும். ஆடுகிறவருக்குக் கால் தளர்ந்தால் அடிக்கிறவருக்குத் தெரியும், ரெக்கோர்டுக்குத் தெரியாது.

சரி, அந்த மண்டபத்தில் கதிரைகள் நிலத்தோடு பூட்டியவையா, தூக்கி மாற்றக்கூடியவையா? பார்த்து எழுது. மாற்றலாம் என்றால் மேடையை விட்டு இறங்கி நடுவில் ஆடுங்கள்.

அன்புடன்,
அம்மா