ஏவியானிக்ஸ் லேபைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி நிர்வாகத்தாருக்கும் முதல்வர் ஐயாவுக்கும் வணக்கம்.

போன மாதம் ஆய்வுக் குழு வந்த அன்று, விமான மின்னணுக் கருவிகளைப் பழகும் ஏவியானிக்ஸ் லேப் திறந்திருந்தது. பிள்ளைகளைக் கோட்டு போட்டுக் கருவிகள் பக்கத்தில் நிற்க வைத்தீர்கள். குழுவின் கார் கேட்டைத் தாண்டியதும் பழையபடி பூட்டிவிட்டீர்கள். இறுதியாண்டு படிக்கும் என் மகளும் அந்த வரிசையில் நின்றவள்தான். அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

விமானக் கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் முறையான ஏரிங்க் 429 அவளுக்கு மனப்பாடம். ஒரு தகவலுக்கு 32 பிட், கடைசி பிட் பிழை கண்டுபிடிக்க உதவும் பாரிட்டி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். பெங்களூருவில் நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில் அந்த சிக்னலை, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். முறுக்கிய இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் அங்கே சிக்னல். கம்பிக்கு ஒரு புரோப் (தொட்டு அளக்கும் முனை) வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்க வேண்டும். இவள் ஒரே புரோபை எடுத்து, அதன் எர்த் கிளிப்பை இரண்டாவது கம்பியில் மாட்டி, அந்தக் கம்பியையே எர்த்தோடு சேர்த்துவிட்டாள். "போதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சோதனையின் அளவுகள் அவள் ரெக்கார்டு நோட்டில் இருக்கின்றன, ஆசிரியர் கையெழுத்தோடு. அத்தனையும் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியவை.

விலை உயர்ந்த கருவிகள், பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்கிறீர்கள். நான் திருப்பாதிரிப்புலியூரில் டிவி, இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறவன். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் போர்டுகளில் உப்புக் காற்று பட்டு செம்பெல்லாம் களிம்பேறிக் கிடக்கும். ஓடிச் சூடாகும் கருவியாவது ஈரத்தை ஓரளவு தாங்கும். ஜன்னல் சாத்திய அறையில் சும்மா கிடப்பது, யாரும் தொடாமலே கெட்டுப்போகும். லேபைத் திறந்துவிடுங்கள்.

2018, 2019இல் இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை ஒரே ஒரு சென்சார் தப்பாகக் காட்ட, அதை நம்பி மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே இறக்கியது. நாளைக்கு இப்படிப்பட்ட அமைப்புகளைச் சோதிக்கப் போகிற பிள்ளைகளை, செய்யாத சோதனைக்கு அளவு எழுதப் பழக்குகிறீர்களே, இது நியாயமா? நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறோம். லேப் கட்டணம் என்று தனியாகவும் வாங்குகிறீர்கள்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மதியமாவது லேபைத் திறந்து, சொல்லித்தர ஒருவரை உட்கார வையுங்கள். ஏதாவது பழுதானால் சொல்லி அனுப்புங்கள், என்னால் முடிந்ததைக் கூலியில்லாமல் பார்த்துத் தருகிறேன். இந்தப் பருவம் முடிவதற்குள் செய்தீர்களானால் என் மகளின் வகுப்புக்கும் உதவும்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் தகப்பன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்