லாவோஸில் நீங்கள் விட்டுவந்த குண்டுகள்

அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். லாவோஸ் உங்கள்மீது போர் தொடுத்த நாடு அல்ல. ஆனாலும் 1964 முதல் 1973 வரை உங்கள் விமானங்கள் அங்கே 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு போட்டன. வியட்நாம் போரில் வட வியட்நாம் லாவோஸ் வழியாகத் தெற்குக்கு ஆளும் ஆயுதமும் அனுப்பிய ஹோ சி மின் பாதையை அடைக்கத்தான் என்று பிறகு காரணம் சொன்னார்கள். போட்ட காலத்தில் உங்கள் மக்களுக்கே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சரி, அரை நூற்றாண்டு ஆயிற்றே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்பீர்கள். வீசிய கொத்துக் குண்டுகளுக்குள் இருந்த சிறு குண்டுகள் சுமார் 27 கோடி. அவற்றில் 30 சதவீதம் வரை வெடிக்காமல் மண்ணுக்குள் போய்விட்டன. ‘பாம்பி’ என்கிறார்கள் ஊர்க்காரர்கள். உள்ளங்கையில் அடங்கும் உருண்டை, அதற்குள் நூற்றுக்கணக்கில் எஃகுக் குண்டுமணிகள். பிள்ளைகள் பந்து என்று எடுத்து எறிகிறார்கள். வயலில் மண்வெட்டி படுகிறது. எதுவும் படவே வேண்டாம், அடுப்பு மூட்டிய இடத்துக்கு அடியில் ஒன்று கிடந்தால் சூடேறியே வெடிக்கும். போர் முடிந்த பிறகு மட்டும் இதில் செத்தவர்களும் கை, கால், கண் போனவர்களும் சுமார் 20,000 பேர்.

2016இல் லாவோஸின் தலைநகர் வியந்தியானுக்குப் போன அன்றைய அதிபர் ஒபாமா, லாவோஸுக்கு உதவுவது அமெரிக்காவின் தார்மீகக் கடமை என்றார். மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பணம் வெளிநாட்டு உதவிக் கணக்கில் அல்லவா வருகிறது? 2025 ஜனவரியில் அந்த உதவிகளையெல்லாம் உங்கள் அரசு நிறுத்தி வைத்தபோது, குண்டு தேடுகிறவர்களும் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. உலோகம் கண்டறியும் கருவி சத்தம் போடும் ஒவ்வொரு இடத்தையும் கையால் பார்த்துப் பார்த்துத் தோண்டுகிற வேலை அது. பெரும்பாலும் கிடைப்பது பழைய இரும்புத் துண்டாக இருக்கும். அதற்காக ஒரு இடத்தைக்கூட விட்டுவிட முடியாது. இடையில் நின்றால் அத்தனை நாளும் விவசாயிதான் அந்த நிலத்தைத் தன் மண்வெட்டியால் சோதித்துப் பார்க்கிறான்.

ஆகவே கேட்பது இதுதான். லாவோஸுக்கான தொகையை உதவிக் கணக்கிலிருந்து பிரித்து, போரில் செய்த சேதத்துக்காக நீங்கள் தீர்க்க வேண்டிய கடனாகத் தனிச் சட்டத்தில் எழுதுங்கள். எந்த அதிபர் வந்தாலும் ஒரு கையெழுத்தில் நிறுத்த முடியாதபடி இருக்கட்டும். செயற்கைக் கால் வாழ்நாளுக்கு ஒன்று போதாது, வளரும் பிள்ளைக்கு அடிக்கடி மாற்ற வேண்டும். அந்தச் செலவும் அதிலேயே வரட்டும்.

அப்புறம், கொத்துக் குண்டுகளைத் தடைசெய்யும் 2008 ஒப்பந்தத்தில் நீங்கள் இன்னும் சேரவில்லை. எங்கள் இந்தியாவும் சேரவில்லை, அதை டெல்லியிடம் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் உங்கள் பங்குக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகன்