இருபுறமும் வரைந்து அனுப்பிய அம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்பு நண்பர்களுக்கு,

எங்கள் பழைய பிளைவுட் கேரவன், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி, மறுபடி முழுசாகிவிட்டது. நேற்று மாலை முகப்புச் சன்னலின் ரப்பரைப் பொருத்தி முடித்ததும், குழாயைப் பிடித்துக் கூரையிலிருந்து கீழ்வரை நெடுநேரம் தண்ணீர் அடித்தோம். உள்ளே மனைவி ஒவ்வொரு மூட்டிலும் மெல்லிய காகிதத் துண்டை ஒட்டி வைத்துவிட்டு டார்ச்சோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டுகூட நனையவில்லை. கையில் இன்னும் பிசின் வாடை போகவில்லை, மனசும் நிதானத்துக்கு வரவில்லை. நிதானம் வந்த பிறகு எழுதலாம் என்று வைத்தால் சொல்ல வேண்டியது ஆறிப்போய்விடும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

வண்டியின் முகப்பு உடைந்த அந்த இரவைப் பற்றித் திரும்பவும் சொல்லப் போவதில்லை. படங்களைப் பார்த்தவர்கள் நீங்கள். முகப்பில் இடுப்புயரத்துக்கு மேல் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதும், வந்து பார்த்தவர்கள் "இனி விறகுதான்" என்று சொல்லிவிட்டுப் போனதும் உங்களுக்குத் தெரியும். "அவசரப்பட்டுப் பிரித்துவிடாதே, இரு" என்று சொன்னவர்களுக்குத்தான் இந்த மடல். அதிலும் பெரும்பங்கு ஒருவருக்கு. பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அம்மா என்றே எழுதுகிறேன்.

பிளைவுட் கேரவன் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். தரை போனால் புதுத் தரை போட்டுவிடலாம். பக்கச் சுவர் போனால் எதிர்ச்சுவரைப் பார்த்து வெட்டிக்கொள்ளலாம். முகப்பின் வளைவு போனால் என்ன செய்வது? அதற்கு வரைபடம் கிடையாது. 1960-களில் ஏதோ ஒரு பட்டறையில் மர அச்சின் மேல் போட்டு வளைத்தது. இன்றைக்கு அந்தப் பட்டறையும் இல்லை, அச்சும் இல்லை. பழைய புகைப்படங்களிலிருந்து வளைவை எடுக்கப் பார்த்தோம். படம் எடுத்தவர் அரையடி தள்ளி நின்றிருந்தாலே வளைவு வேறாகிவிடுகிறது.

பிளைவுட்டின் குணமும் அப்படி. ஒரு திசையில் வளையச் சொன்னால் வளைந்து கொடுக்கும், ஒரே சமயத்தில் இரண்டு திசையில் வளையச் சொன்னால் பிளந்துவிடும். உள்ளே இடமும் வலமும் நிற்கிற வளைவுச் சட்டங்கள் தப்பாக இருந்தால், மேலே போர்த்துகிற பலகை எங்கேயாவது ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். தூக்கிய இடத்தில் தண்ணீர் இறங்கும். வெளியே சாயம் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே கட்டை இற்றுக்கொண்டிருக்கும்.

அதனால்தான் அதே வகை வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது முகப்பின் ஒரு பக்க வளைவை மட்டும் காகிதத்தில் வரைந்து தர முடியுமா என்று கேட்டேன். ஒரு பக்கம் கிடைத்தால் புரட்டிப்போட்டு மறுபக்கத்தை வெட்டிக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர்களிடம் அதற்கு மேல் கேட்க வாய் வராது.

"என் வண்டி அதேதான். அனுப்புகிறேன்." அம்மாவின் பதில் அவ்வளவுதான். சில வாரம் கழித்து நீளமான அட்டைக் குழாய் ஒன்று வந்து சேர்ந்தது.

உள்ளே பழுப்புக் காகிதச் சுருள்கள். முதல் சுருளைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் கனம் வைத்தோம். முழு அளவில், கூரான பென்சிலால், அந்த வளைவு ஓடியது. ஓரத்தில் "இடது, வெளிப்பக்கம்" என்று எழுதியிருந்தது. அடுத்ததில் "இடது, உட்பக்கம்". அதற்கடுத்ததை விரித்தால் "வலது, வெளிப்பக்கம்". நான் கேட்கவே கேட்காத வலது. அதற்கும் உட்பக்கம் தனியாக இருந்தது.

உட்பக்கக் கோட்டை எடுக்க வேண்டுமானால் முகப்பு அலமாரியைக் கழற்றியாக வேண்டும். அந்த வகை வண்டியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அத்தனை வருடம் அசையாமல் இருந்த பித்தளைத் திருகாணிகள் தலை தேயாமல் வெளியே வருவது எத்தனை பாடு என்று. எழுபது வயதைக் கடந்தவர், ஒரு குறையும் இல்லாமல் நிற்கிற தன் வண்டியை, பார்த்தே இராத ஒருவனின் உடைந்த வண்டிக்காகக் கழற்றியிருக்கிறார். வரைந்துவிட்டுத் திரும்பப் பூட்டியும் இருக்கிறார்.

வலது பக்கச் சுருளின் மேல்முனையில் இப்படி எழுதியிருந்தது: "தம்பி, இரண்டு பக்கமும் ஒன்றில்லை. மேலே போகப் போக வலது உள்ளே வாங்குகிறது, கூரை சேருகிற இடத்தில் 11 மி.மீ. என் வண்டிதான் கோணலா, அச்சே கோணலா என்று தெரியவில்லை. உன் கூரையின் முதல் சட்டம் உடையாமல் தப்பியிருந்தால் அளந்து பார்."

அது தப்பியிருந்தது. உடனே நேர்ச்சட்டமும் மூலைமட்டமும் எடுத்துக்கொண்டு ஏறினேன். எங்கள் வண்டியிலும் வலது முனை 10 மி.மீ. பின்வாங்கித்தான் இருந்தது. ஆக, கோணல் அச்சில்தான். இடதைப் புரட்டிப்போட்டு வலதை வெட்டியிருந்தால், பலகை கூரைச் சட்டத்தில் உட்காராமல் விரலளவு வெளியே நின்றிருக்கும், மூட்டை மறைக்கிற அலுமினியப் பட்டையும் எட்டியிருக்காது.

இதற்கும் மேல் ஒன்று உண்டு. ஒவ்வொரு காகிதத்திலும் வளைவுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு நேர்க்கோடுகள் இருந்தன. நீளவாட்டில் ஒன்று, அதன் மேல் "1000". அகலவாட்டில் ஒன்று, அதன் மேல் "500". பக்கத்தில் சின்ன எழுத்தில்: "காகிதம் ஈரக்காற்றில் விரியும். முதலில் இந்தக் கோடுகளை அளந்து பார், பிறகு மற்றதை நம்பு."

அளந்தோம். நீளக்கோடு சரியாக 1000 மி.மீ. இருந்தது. அகலக்கோடு 502. காகிதத்தின் நார்கள் பெரும்பாலும் சுருளின் நீளவாக்கில்தான் படுத்திருக்கும். ஈரம் ஏறினால் நார் பருக்கும், நீளம் அவ்வளவாகக் கூடாது. அதனால் காகிதம் அகலவாட்டில்தான் அதிகம் வளரும். அவர் உலர்ந்த அறையில் வரைந்திருக்கிறார், நாங்கள் மழை நாளில் விரித்திருக்கிறோம். அரை மீட்டருக்கு 2 மி.மீ. அகலவாட்டில் எடுத்த அளவுகளை எல்லாம் 502-க்கு 500 என்ற கணக்கில் குறைத்து, அதன் பிறகே ஹார்ட்போர்டில் (கெட்டியான மரநார் அட்டையில்) வளைவை இறக்கினோம்.

அந்தப் பென்சில் கோடுகளை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. கேட்டதைக் கொடுப்பவர்கள் உண்டு, கேட்டதற்கு மேல் கொடுப்பவர்களும் உண்டு. கொடுத்த பொருள் வழியில் என்ன ஆகும், போய்ச் சேருகிற இடத்தில் எந்தக் காற்றில் விரியும், அங்கே இருப்பவனுக்கு அது பொய் சொன்னால் அவன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்பது வரை யோசித்துக் கொடுத்தவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். உதவி என்று நான் இதுநாள் வரை செய்ததையெல்லாம் மனசு தானாக எடுத்துப் பார்க்கிறது.

காகிதம் முழுக்க இன்னும் பல குறிப்புகள். "இங்கே விளக்குக்கு ஒயர் ஓடுகிறது, துளை போடாதே." "இந்தக் கட்டை பிற்பாடு நான் வைத்தது, உனக்கு வேண்டாம்." "சன்னல் அடிக்கட்டையின் மேல்விளிம்பை வெளிப்பக்கம் சரித்து இழை, தண்ணீர் தங்காது." எல்லாவற்றையும் அப்படியே செய்தோம்.

அச்சு தயாரான பிறகு வளைக்கும் வேலை. அதில் வழிகாட்டியவர் படகுத் தச்சராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். 6 மி.மீ. பலகையை ஒரே தாளாக வளைத்தால், இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பை அவிழ்த்ததும் நிமிரப் பார்க்கும் என்றார். அதனால் ஈரம் தாங்குகிற 3 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டு தாள். பலகை முகத்து மர ரேகை வண்டியின் குறுக்கே ஓடும்படி வைத்தால் பலகை சுலபமாக வளையும். பலகையின் 1220 மி.மீ. அகலம் முகப்பின் உயரத்துக்குப் போதாது என்பதால் இரண்டு பலகைகளைச் சரிவு மூட்டுப் போட்டு, அதாவது விளிம்புகளைச் சரிவாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, சேர்க்க வேண்டியிருந்தது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது அவர் விதி: 3 மி.மீ. பலகைக்கு 36 மி.மீ. சரிவு. பலகைகளை அடுக்கி வைத்து இழைப்புளியால் இழைத்தபோது, பிளைவுட்டின் ஒவ்வொரு படலமும் நேரான பட்டையாக வெளுப்பும் பழுப்புமாகத் தெரிந்தது. பட்டை நெளிந்தால் சரிவு நெளிகிறது என்று விரலை வைத்துக் காட்டினார். பிறகு வெந்நீர்த் துணி போர்த்தி, அச்சின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, அப்படியே காயவிட்டு, காய்ந்த பிறகு இரண்டு தாளுக்கும் நடுவே எபாக்சிப் பிசின் பூசி மறுபடி இறுக்கினோம். 1940-இல் முதலில் பறந்த மஸ்கிட்டோ என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் உடலையும் இப்படித்தான் அச்சின் மேல், நடுவே பால்சா மரம் வைத்து, பிளைவுட்டால் இரண்டு பாதியாகச் செய்து சேர்த்தார்கள் என்று காத்திருந்த நேரத்தில் அவர் சொன்னார். கிளாம்புகளை அவிழ்த்தபோது வளைவு அப்படியே நின்றது. அம்மாவின் கோட்டோடு வைத்துப் பார்த்தோம். இடையில் ஒரு தாள்கூட நுழையவில்லை.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு மடல் எழுத வேண்டியதை இங்கே சேர்த்தே சொல்கிறேன். ஈரமானியை இரவல் தந்த அண்ணன்: மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை எதையும் மூடாதே என்று பிடிவாதம் பிடித்தீர்கள், இப்போது உள்ளே எங்கே தொட்டாலும் 14-ஐத் தாண்டவில்லை. பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம், குழந்தைகளைத் தள்ளி வைத்து ஈரத்தோடு தேய் என்று முதல் நாளே எச்சரித்த அக்கா, சோதித்தால் நீங்கள் சொன்னதுதான். மூட்டுகளில் இருந்த சிலிக்கோன் அடைப்பை முழுக்கச் சுரண்டி எடுக்க வைத்து, பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் பட்டை போடச் சொன்ன நண்பர். வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று பூச்சு எபாக்சி, தண்ணீர் பிளைவுட்டின் முகத்தைவிட விளிம்பு வழியாகத்தான் குடியேறும் என்று சொல்லிச் சொல்லியே மனசில் ஏற்றியவர். டயர் ஓரத்து நான்கு இலக்கங்களைப் படித்து, எந்த வாரம் எந்த வருடம் செய்தது என்று சொல்லி, தேய்மானம் இல்லாவிட்டாலும் மாற்று என்றவர். சக்கர பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைத்துத் தந்த தம்பி. முகப்பைத் தூக்கிப் பொருத்திய அன்று கேட்காமலே வந்து நின்ற அத்தனை கைகள். திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்து வைத்த சின்னவர்கள். உங்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் எங்கேயோ ஒரு மூட்டு இன்று ஒழுகியிருக்கும்.

எங்களால் ஆகக்கூடிய ஒன்றைச் செய்யத் தொடங்கிவிட்டோம். அம்மாவின் வளைவுகள் நான்கையும் பாலியஸ்டர் படலத்தில் படி எடுக்கிறோம். அது ஈரத்துக்கு அசையாது, இருந்தாலும் அவர் போட்ட இரண்டு நேர்க்கோடுகளும் அதிலும் இருக்கும். வண்டியின் உட்புறம் இன்னும் திறந்தே கிடப்பதால் பின்பக்க வளைவு, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, கூரைச் சட்டங்கள் எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் வரைந்துவிடுவோம். இந்த வகை வண்டி யாரிடம் உடைந்து கிடந்தாலும் கேளுங்கள். இடமும் வலமுமாக, உள்ளும் வெளியுமாக அனுப்பி வைக்கிறோம். அஞ்சல் செலவைப் பற்றிப் பேச வேண்டாம், அம்மாவும் பேசவில்லை.

அவரே எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒரு சுருளின் ஓரத்தில், தன் வண்டியின் பின்பக்கக் கீழ்மூலை அழுத்தினால் மெத்தென்று இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருந்தார். அப்படி இருந்தால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மழை விட்டதும் கிளாம்புகள், எபாக்சி, மிஞ்சிய மரைன் பிளைவுட் எல்லாவற்றையும் இந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு அங்கே போகிறோம். படகுத் தச்சர் ஐயாவும் வருகிறேன் என்றிருக்கிறார். அண்ணா, உங்கள் ஈரமானி இன்னும் கொஞ்ச நாள் எங்களிடமே இருக்கட்டும்.