பாப்பா பெங்களூர் போகும் முன் மனு போடச் சொல்

திருநெல்வேலி
டிசம்பர் 2025

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா கைத்தடி இல்லாமலே நடக்கிறார் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவன் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது. மற்ற கதையெல்லாம் நேரில் பேசலாம். உன் தம்பி விஷயத்தைப் படித்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கி, பாப்பா அம்மாவிடம், அவள் செலவுக்கு அப்பா மாதம் 15,000 ரூபாய், முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் அப்பாவிடம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். விவாகரத்து முடிந்தது முடிந்ததுதான். ஆனால் குழந்தையைப் பற்றிய உத்தரவு எப்போதும் திறந்தே இருக்கும். இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. தீர்ப்பு வந்த பிறகும் குழந்தை யாரிடம் இருப்பது, செலவு, படிப்பு பற்றியெல்லாம் மனு போடலாம். நீதிமன்றம் பழைய உத்தரவை மாற்றலாம், நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ரோஸி ஜேக்கப் வழக்கு என்று ஒன்று, நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போனது. குழந்தை வளர வளரத் தேவையும் மாறும், அதனால் இப்படிப்பட்ட உத்தரவுகள் இயல்பிலேயே மாற்றத்துக்கு உட்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. 2010-ல் வந்த விக்ரம் வீர் வோரா வழக்கு உங்கள் வீட்டுக் கதைக்கு இன்னும் நெருக்கம். அதுவும் பரஸ்பர சம்மத விவாகரத்து. அம்மாவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை, மகனைக் கூட்டிப் போக அனுமதி கேட்டார். ஒத்துக்கொண்ட ஏற்பாட்டை மாற்றக் கூடாது என்று அப்பா வாதாடினார். நீதிபதிகள் பையனைத் தங்கள் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசிப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு அனுமதி கொடுத்தார்கள்.

இதை உன் தம்பியிடம் சொல். பாப்பாவின் அம்மாவுக்குப் பெங்களூரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. அதைத் தடுக்கக் கோர்ட்டுக்குப் போனால் நிற்பது கஷ்டம் என்பது என் எண்ணம். அது நியாயமும் இல்லை.

இப்போது பணம். எனக்கு அதிகக் கவலை இதில்தான். ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு திருப்பூரில் எத்தனை பேர் தவிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். அவன் கம்பெனியில் சம்பளத்தைக் குறைத்தது அவன் தப்பு இல்லை. ஆனால் செப்டம்பரிலிருந்து அவனாகவே 8,000 மட்டும் அனுப்புகிறான் என்று எழுதியிருக்கிறாயே, அதை உடனே சரிசெய்ய வேண்டும். உத்தரவு மாறும் வரை 15,000 என்றால் 15,000-தான். மாதம் 7,000 வீதம் அவன் பேரில் பாக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. பாப்பாவின் அம்மா நினைத்தால் உத்தரவை நிறைவேற்றச் சொல்லி மனு போட்டுச் சம்பளத்தையே ஜப்தி செய்யக் கேட்கலாம். பிற்பாடு நீதிமன்றம் தொகையைக் குறைத்தாலும், மனு போடுவதற்கு முந்தைய பாக்கி கரைந்துவிடும் என்று நம்பக் கூடாது. அதனால் ஒவ்வொரு மாதத் தாமதமும் அவனுக்கு நஷ்டம். முடிந்த தொகையை விடாமல் வங்கி வழியாகவே அனுப்பட்டும், குறைத்ததற்குக் காரணத்தை அவளுக்கு எழுத்தில் சொல்லட்டும், இந்த மாதமே மனு போடட்டும்.

அதற்கு முன் தீர்ப்பு நகலை எடுத்து, பணம் எந்தச் சட்டத்தின் கீழ் என்று பார்க்கச் சொல். விவாகரத்துத் தீர்ப்போடு சேர்ந்தது என்றால் மேலே சொன்ன 26-வது பிரிவு. தனியாக ஜீவனாம்ச வழக்கு நடந்திருந்தால் வழி வேறு. பழைய 125-வது பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144 ஆகிவிட்டது. தொகையை மாற்றுவதற்கான பழைய 127 இப்போது 146. அந்த வகை உத்தரவில் பணம் கட்டத் தவறினால் ஒரு மாதம் வரை சிறை கூட உண்டு.

மனுவோடு சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் காட்டும் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் இதைக் கட்டாயமாக்கியது. இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். அவன் ஒளிக்காமல் எழுதட்டும். மாடி வீட்டு வாடகை வருகிறதே, அதையும் சேர்த்துத்தான். ஒரு இடத்தில் மறைத்தது தெரிந்தால், உண்மையான சம்பளக் குறைப்பைக் கூட நீதிபதி நம்ப மாட்டார். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவு வழக்கமாக அப்பாவுடையது, அம்மா போதுமான அளவு சம்பாதித்தால் இருவரும் வருமானத்துக்குத் தக்கபடி பங்கிட்டுக்கொள்ளலாம். பெங்களூர் சம்பளம் அங்கே கணக்குக்கு வரும். ஆனால் பெங்களூர் ஸ்கூல் ஃபீஸும் வரும் என்று அவனுக்கு இப்போதே சொல்லி வை. அவளும் தொகையைக் கூட்டக் கேட்கலாம், அவளுக்கும் அந்த உரிமை உண்டு.

அவள் மறுமணம் செய்துகொண்டால் பணம் நிறுத்திவிடலாம் என்று உங்கள் சித்தப்பா சொன்னதாக எழுதியிருக்கிறாய். மனைவிக்கான ஜீவனாம்சத்துக்கு அந்தப் பேச்சு பொருந்தும். இந்த 15,000 பாப்பாவுடையது. அம்மா யாரைக் கல்யாணம் செய்தாலும் பாப்பா அவன் மகள்தான். 18 வயதோடு முடியும் என்பதும் சரியில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வழியில்லாத மகளுக்குத் திருமணம் ஆகும் வரை செலவுக்குக் கொடுக்கும் பொறுப்பை 1956-ம் வருட இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் பெற்றோர் மேல் வைக்கிறது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைகள். பாப்பா பெங்களூர் போன பிறகு மாதம் இரண்டு ஞாயிறு என்பது வெறும் காகிதம். உதய் எக்ஸ்பிரஸ் இருக்கிறதே என்று சொல்வான், எட்டு வயதுப் பிள்ளையை மாதம் இரண்டு முறை ரயிலில் ஏற்றி இறக்க முடியுமா? அதற்குப் பதிலாகக் கோடை விடுமுறையில் பாதி, தசரா விடுமுறை முழுவதும், அவன் பெங்களூர் போனால் அங்கே ஒரு நாள் முழுக்கப் பாப்பாவோடு என்று கேட்கட்டும். தேதிகளை அங்கே உள்ள ஸ்கூல் நாள்காட்டியைப் பார்த்து எழுத வேண்டும். கர்நாடகத்தில் நம்மைப் போலப் பொங்கலுக்குத் தொடர் விடுமுறை கிடையாது, நம் காலாண்டு லீவும் அவர்கள் தசரா லீவும் அப்படியே ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. பொத்தாம்பொதுவாகப் 'பண்டிகை விடுமுறையில்' என்று எழுதி, ஒவ்வொரு வருஷமும் சண்டை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். வீடியோ காலையும் மனுவில் சேர்க்கச் சொல். யஷிதா சாஹு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், குழந்தை கூட இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிஷமாவது அதோடு பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எந்த நேரம் என்பதையும் எழுதிக்கொண்டால் நல்லது.

ஜூனில் ஸ்கூல் என்றால் ஏப்ரலுக்குள் உத்தரவு கையில் வர வேண்டும். வாய்தா மேல் வாய்தா போகும் என்பது உனக்குத் தெரியாததில்லை. தீர்ப்புக் கொடுத்த கோவை குடும்ப நல நீதிமன்றத்திலேயே இப்போது போட்டுவிட்டால் நல்லது. பாப்பா அங்கே போய்க் குடியேறிவிட்டால், பாதுகாவலர் சட்டப்படி வழக்குப் பெங்களூருக்குப் போகவும் வாய்ப்பு இருக்கிறது. இரண்டு பேரும் ஒத்துப்போனால் ஒத்துக்கொண்டதை எழுதிக் கூட்டாகத் தாக்கல் செய்து உத்தரவாக்கிக்கொள்ளலாம். எனக்கு அதுதான் ஆசை. ஆனால் போனில் பேசி முடித்துக்கொண்டதோடு விட்டுவிட வேண்டாம். நாளை ஒரு மனஸ்தாபம் வந்தால் பழைய உத்தரவுதான் பேசும்.

ஒன்றைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாயே? அம்மா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு "அப்பாவோடு இருக்கியா, அம்மாவோடு போறியா" என்று கேட்கிறாராம். பேத்தியை விட்டுப் பிரியும் வேதனையில் கேட்கிறார், புரிகிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் குழந்தைகள் எப்படிச் சுமக்கிறார்கள் என்று நான் கோர்ட் வராந்தாவில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். யார் கேட்டாலும் அவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு, ராத்திரி காய்ச்சலில் படுத்துக்கொள்கிறார்கள். சுயமாக யோசிக்கும் வயது வந்த குழந்தையின் விருப்பத்தை நீதிபதியே கேட்பார், சட்டம் அதற்கு இடம் தருகிறது. வீட்டில் யாரும் கேட்க வேண்டாம், சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல், என் பேச்சைக் கேட்பார்.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கோவை வருகிறேன். அதுவரை காத்திருக்காமல் இப்போதே தீர்ப்பு நகலையும், தம்பியின் ஆறு மாதச் சம்பளச் சீட்டையும், வங்கிக் கணக்கு விவரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. மனுவை நானே எழுதித் தருகிறேன், அங்கே நடத்த ஒரு நல்ல வக்கீலும் எனக்குத் தெரியும். பாப்பாவின் அம்மா என்னோடு பேசச் சம்மதித்தால் அவளிடமும் பேசுகிறேன். உன் தம்பி பக்கத்து ஆள் என்று நினைத்துத் தயங்கினால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், அதையாவது அவளுக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
மங்கை