வேந்தர் சண்டை இருக்கட்டும், சான்றிதழ் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேந்தரான ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான துணைவேந்தர் நியமனச் சிக்கல் தீர்ந்தால் உயர்கல்வி தானே சீராகிவிடும் என்று தங்கள் தலையங்கம் சொல்கிறது. குடியாத்தத்தில் அதைப் படித்து நான் சிரித்தேன். என் மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் இளங்கலை முடித்தது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில். வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் முதுகலைக்கு விண்ணப்பித்தது இன்னோர் அரசுப் பல்கலைக்கழகத்தில். பெயரெல்லாம் வேண்டாம். "உங்கள் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று இணைத்தன்மைச் சான்று கொண்டு வாருங்கள்" என்றார்கள். படித்த இடத்தில் கேட்டால், "அதை நாங்கள் எப்படிச் சொல்வது? கேட்டவர்களிடமே போங்கள்." சென்னையில் அதிகாரிகளைக் கேட்டால், "அரசாணை ஏதும் இருக்கிறதா பாருங்கள்." பார்ப்பதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. இரண்டு பல்கலைக்கழகத்தையும் பெற்றது ஒரே சட்டமன்றம்தானே, ஐயா?

தங்களுக்குத் தெரியாததல்ல. இந்தப் பல்கலைக்கழகங்களை ஒருங்கிணைக்கத்தான் 1992-இல் மாநில உயர்கல்வி மன்றம் வந்தது. அதன் தலைவர் உயர்கல்வி அமைச்சர். சென்னை, திருவள்ளுவர் போன்ற பல்கலைக்கழகங்களில் வேந்தருக்கு அடுத்த நிலையில் உள்ள இணைவேந்தரும் அவரே. இரண்டு நாற்காலியிலும் ஒருவரே உட்கார்ந்தும் ஒன்றின் சேதி மற்றதற்குப் போய்ச் சேருவதில்லை. 2023-இல் மன்றம் மாதிரிப் பாடத்திட்டமும் கொடுத்தது. பாடம் ஒன்று போல இருக்கலாம், பட்டம் மட்டும் சமமா என்று சந்தேகம் வருமாம்!

பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் மட்டும் நமக்குச் சளைப்பே இல்லை. எங்கள் காலத்தில் வேலூரில் படித்தாலும் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது, மகிழ்ந்தோம். 2021 பிப்ரவரியில் விழுப்புரத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம், அதே ஆண்டு ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்க மசோதா. ஆட்சி மாறினால் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலில் முத்திரையும் மாற வேண்டுமா? துணைவேந்தர் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது, மே மாதம் அந்தச் சட்டங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதற்கெல்லாம் முதல் பக்கம் ஒதுக்கினீர்கள், நன்றி.

நான் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். என் இடம் இன்னும் காலி. நிரப்ப அனுமதி கேட்ட கோப்பு எந்த மேசையில் தூங்குகிறதோ! என் வகுப்புகளை எடுக்கும் பிள்ளைக்கு நிர்வாகம் கொடுக்கும் சம்பளத்தை எழுதினால் தங்கள் அச்சகத்துக்கே கூச்சமாக இருக்கும். இதற்கும் துணைவேந்தருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. தலையங்கம் எழுதியவருக்கு விளங்கியிருக்கலாம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. எந்தப் பட்டம் எதற்குச் சமம் என்ற அரசாணைகளைத் தொகுத்து, சேர்க்கைக்கு முன்பாகத் தங்கள் கல்வி மலரில் தமிழில் ஒரு பக்கம் போடுங்கள். ஜோதிடப் பக்கத்தை ஒரு வாரம் நிறுத்தினாலே இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.