ஆண்டறிக்கை 2024–2025: இடரிலும் படிப்பை விடாத மாணவர்களுக்கான பாராட்டுத் திட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடியாத்தம் நகரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான நம் அமைப்பின் அறிக்கையை முன்வைக்கிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிறு நடந்தது. அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் கையைப் பிடித்த வேலை, இடரிலும் படிப்பை விடாத பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மாணவர்களுக்குச் சான்றிதழும் பரிசுத் தொகையும் கொடுக்கும் பாராட்டுத் திட்டம்தான். அதில் பழைய முறைகள் பலவற்றை மாற்றியிருக்கிறோம். ஏன் மாற்றினோம் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

படிவமும் தேர்வும்

முந்தைய விண்ணப்பப் படிவத்தில் "குடும்பச் சூழ்நிலையை 200 வார்த்தைக்கு மிகாமல் எழுதவும்" என்று ஒரு பகுதி இருந்தது. நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளையின் கஷ்டம் பெரிதாகத் தெரிந்தது. எழுத வராத பிள்ளை "அப்பா இல்லை" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டது. தேர்வுக் குழுவோ இரண்டு துக்கங்களைத் தராசில் வைத்து எது கனம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டோம்.

இப்போது படிவம் ஒரே பக்கம். மாணவர் நிரப்ப வேண்டியவை: மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி பெயரும் முன்னெழுத்தும், எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்), அடுத்து என்ன படிக்க விருப்பம், அதற்கு இப்போது எது தடை. மீதியை வகுப்பாசிரியர் நிரப்புகிறார். மொத்தம் 100 மதிப்பெண்: வருகைக்கு 40, தன் சென்ற ஆண்டு மதிப்பெண்ணைவிடக் கண்ட முன்னேற்றத்துக்கு 30, ஆசிரியர் குறிப்புக்கு 30. கஷ்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. இடர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். எவ்வளவு என்று அளப்பதில்லை.

வருகையை விழுக்காட்டை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறு நேரும். வருகைப் பதிவேட்டின் நகலையே கேட்டு வாங்குங்கள். இந்த ஆண்டு ஒரு பதிவேட்டில் ஜூலைக்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தவறாமல் விடுப்பு. மற்ற நாட்களில் ஒன்றுகூட இல்லை. விழுக்காடு 60-ஐ ஒட்டி நின்றது. விசாரித்தால், அந்த இரண்டு நாளும் அம்மாவுக்கு வேலூரில் டயாலிசிஸ். கூடப் போக வீட்டில் வேறு ஆள் இல்லை. மீதி நாட்களில் ஒரு வகுப்பையும் விடவில்லை என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. அதேபோல் மாதக் கடைசியில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு இருந்தால் பெரும்பாலும் கூலி வேலை. திங்கட்கிழமை மட்டும் என்றால் வீட்டில் ஞாயிறு இரவு குடித்துவிட்டு நடக்கும் சண்டையாக இருக்கலாம். பதிவேடு பேசும், பொறுமையாகப் பார்த்தால்.

வந்த படிவங்கள் 41. ஆசிரியர் பகுதி நிரப்பப்படாமல் வந்தவை 9. அவற்றைத் திருப்பி அனுப்பினோம், வரவில்லை. ஆய்வுக்கு எடுத்தவை 32, தேர்வானவர்கள் 16 பேர். பத்தாம் வகுப்பில் 6, பிளஸ் டூவில் 10.

வீட்டுக்குப் போவது இரண்டே பேர், அதில் ஒருவர் பெண். அரைமணி நேரத்துக்கு மேல் இருப்பதில்லை. இறந்தவரைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்பதில்லை, போட்டோ எடுப்பதில்லை. பீடி சுற்றும் வீடுகளுக்கு மாலையில் போக வேண்டாம். அன்றைய எண்ணிக்கையை முடித்துக் கட்டுக் கட்டும் நேரம் அது. காலை பத்து மணிக்குமேல் சரி. பெற்றோர் ஷூ கம்பெனிக்கோ தோல் தொழிற்சாலைக்கோ போகிறவர்களாக இருந்தால் ஞாயிறு தவிர வேறு நாள் இல்லை.

ஒரு விஷயத்தில் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் "தந்தையின் உடல் வீட்டில் இருக்க, தேர்வு எழுதிய மாணவி" என்று செய்தி வருகிறது. அப்படி எழுதியவர்களுக்குத் தனிப் பரிசு வேண்டும் என்று ஒரு கோரிக்கை. குழு ஏற்கவில்லை. எழுதிய பிள்ளையின் திடத்தை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று எழுதப் போகாமல் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை. அந்த நேரத்தில் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டிய தகவல் ஒன்றுதான்: தவறிய பாடத்தை ஜூன், ஜூலையில் துணைத்தேர்வில் எழுதலாம், ஆண்டு வீணாகாது. இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால்தான் பல பிள்ளைகள் சடங்குக்கு நடுவில் தேர்வறைக்கு ஓடுகிறார்கள்.

விழா

1954-இல் முதலமைச்சரான பின் காமராஜர் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டு வென்றது நம் குடியாத்தம் தொகுதியில். அதனால் அவர் பிறந்த ஜூலை 15-ஐ ஒட்டிய ஞாயிறுதான் நமக்கு விழா நாள் என்பது வழக்கமாகிவிட்டது. 2024-இல் ஜூலை 21 அன்று நடத்தினோம். தேர்வான 16 பேரில் மேடைக்கு வர முடிந்தது 13 பேர்தான். மற்ற மூவரும் துணைத்தேர்வு எழுதியவர்கள்; அதன் முடிவுகள் ஜூலைக் கடைசியில்தான் வந்தன. அவர்களுக்கு ஆகஸ்டில் வீட்டுக்கே போய்ச் சான்றிதழ் கொடுத்தோம். ஒரு பாடத்தில் தவறி, விடாமல் மறுபடி எழுதித் தேறியவரைவிட இந்தத் திட்டத்துக்குப் பொருத்தமானவர் யார்? அவர்களைத்தான் நம் விழாத் தேதி வெளியே நிறுத்தியிருக்கிறது. நாள் மாற்றுவது பற்றிய தீர்மானம் கடைசியில் இருக்கிறது.

பிளெக்ஸ் பேனரில் மாணவர் படம் போடுவதை நிறுத்திவிட்டோம். "பெற்றோரை இழந்த மாணவி" என்று பெயருக்குக் கீழே அச்சிட்டுப் பேருந்து நிலையத்தில் கட்டினால், ஒருநாள் கைதட்டலுக்காகப் பிள்ளை இரண்டு வருடம் அந்தப் பட்டத்தோடு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மேடையில் கதை சொல்வதும் இல்லை. பெயர், பள்ளி, அடுத்து சேரவிருக்கும் படிப்பு, இவ்வளவுதான் வாசிக்கப்படும். சான்றிதழில் இருக்கும் வாசகம்: "2023–24 கல்வியாண்டில் காட்டிய விடாமுயற்சிக்காக." வறுமை, ஆதரவற்ற, ஏழை என்ற சொல் எதுவும் அதில் கிடையாது. நாளைக்கு வேலைக்கான நேர்காணலில் இந்தத் தாளைத் தலைநிமிர்ந்து நீட்ட வேண்டும் அல்லவா? பெயரை அச்சிடுமுன் மதிப்பெண் சான்றிதழோடு ஒப்பிட்டு இருவர் கையெழுத்திட்டார்கள். முந்தைய ஆண்டு அம்மாவின் முன்னெழுத்தைப் போட்டிருந்த ஒரு மாணவருக்கு, யாரோ திருத்துவதாக நினைத்து அப்பாவின் முன்னெழுத்தைப் போட்டுவிட்டார்கள். விட்டுவிட்டுப் போன அப்பா அவர். அந்தச் சான்றிதழை மாணவர் வாங்காமலே போய்விட்டார்.

பொன்னாடைகள் வேண்டாம் என்று அழைப்பிதழிலேயே போட்டோம். இருந்தும் ஏழு வந்தன. சிறப்பு விருந்தினர் 40 நிமிடம் தாமதம். அவர் வரும்வரை பிள்ளைகளை மேடையில் உட்கார வைக்காமல் சான்றிதழ்களை முதலில் கொடுத்து முடித்தோம். இனி இதுவே வரிசை: முதலில் சான்றிதழ், பிறகு சாப்பாடு, கடைசியில் பேச்சு. பேச்சைக் கேட்கக் கூட்டம் குறைந்தது உண்மை.

பணம்

ஒருவருக்கு 6,000 ரூபாய், காசோலையாக இல்லாமல் மாணவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பினோம். 16 கணக்குகளில் 5 செயலற்றுக் கிடந்தன. ஏதோ உதவித்தொகைக்காகத் திறந்து, பிறகு வரவு செலவே இல்லாமல் விட்ட கணக்குகள் அவை. ஆதார், புகைப்படம், பள்ளி அடையாள அட்டையோடு கிளைக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இனி அப்படியே செய்வோம்.

விழாவுக்குப் பிறகு

சான்றிதழ் கொடுத்த கையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அரசு கொடுக்கும் பணம் வந்து சேர்கிறதா என்று பார்ப்பதுதான் 6,000 ரூபாயைவிடப் பெரிய உதவி. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்ட் 9 முதல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நம் பிளஸ் டூ மாணவர் 10 பேரில் 8 பேர் இதற்குத் தகுதி. நால்வருக்குப் பணம் வரவில்லை. காரணம் ஒன்றுதான். "பேங்கில் ஆதார் கொடுத்தாச்சு" என்பது ஒன்று. அரசுப் பணம் வருவதற்காக எந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பது வேறு. கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். இருவருக்கு அது எப்போதோ திறந்து மறந்துபோன அஞ்சலகக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரியும்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் உதவித்தொகை இருக்கிறது. வகுப்பைப் பொறுத்து 1,000 முதல் 25,000 ரூபாய் வரை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு இடத்தில் சிக்குகிறது. தாயிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருப்பதில்லை. அட்டை இருந்தாலும் பள்ளி அளவில் சரிபார்த்து மேலே அனுப்பாவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடந்து காலாவதியாகிவிடும். விண்ணப்பித்த பத்தாம் நாள் பள்ளியில் நேரில் கேளுங்கள்.

வருமானம் ஈட்டிய பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவருக்குப் பள்ளிக்கல்வித் துறை வழியாக 75,000 ரூபாய் உண்டு. தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல்கள் முக்கியம். துக்க வீட்டில் இந்தத் தாள்களை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய் பெறும் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்ட உதவிக்குக் குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக 2025 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய்.

எந்தத் திட்டத்திலும் எளிதில் அடங்காதவர்கள், உயிரோடு இருக்கும் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்ட பிள்ளைகள். இறப்புச் சான்று இல்லை. கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றை வாங்க அம்மாக்கள் தயங்குகிறார்கள், அவர் திரும்பி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று. இந்த ஆண்டு மூன்று குடும்பங்களோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் வந்தோம். ஒருவருக்குத்தான் சான்று கிடைத்தது.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் ஊரில் எந்த வேலையும் நடக்காது. கல்லூரி விண்ணப்பங்களும் அதே வாரத்தில்தான். திருவிழா முடியட்டும் என்று இருந்த இரண்டு பேர் அரசு திருமகள் ஆலைக் கல்லூரியில் முதல் கலந்தாய்வைத் தவறவிட்டார்கள். வருமானம், முதல் பட்டதாரி, சாதி ஆகிய மூன்று சான்றுகளுக்கும் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய்.

கணக்கு

ஆரம்ப இருப்பு 38,450 ரூபாய். 118 உறுப்பினர் சந்தா 70,800, நன்கொடை 92,500, வங்கி வட்டி 1,650. ஆக மொத்தம் 2,03,400. செலவில் பரிசுத் தொகை 96,000. துணைத்தேர்வுக்கான மாலை வகுப்பு 14,500. சான்றிதழ், ஜெராக்ஸ், பேருந்து என மாணவர் உதவி 11,340. தணிக்கை, பதிவு, தபால் 6,200. விழாச் செலவு 21,760. இந்த 21,760-இல் மண்டபம் 6,000, எண்பது சாப்பாடு 8,800, சான்றிதழும் அதை மாட்டும் பிரேமும் 2,560, ஒலிபெருக்கி 2,500, பெற்றோர் பேருந்துக் கட்டணம் 1,900. மொத்தச் செலவு 1,49,800 போக இருப்பு 53,600 ரூபாய். வருமான வரிச் சலுகைக்காக ரசீது கேட்பவர்கள் 2,000 ரூபாய்க்குமேல் ரொக்கமாகத் தர வேண்டாம்; அதற்குச் சலுகை கிடையாது.

தீர்மானங்கள்

ஒன்று, விழாவை நிரந்தரமாக ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறுக்கு மாற்றுவது. 2025-இல் செயற்குழு முடிவின்படி அப்படித்தான் நடத்தினோம். அதன் விவரம் அடுத்த அறிக்கையில் வரும். காமராஜர் பிறந்தநாளன்று படத்துக்கு மாலை போடுவது மட்டும் தொடரும். இரண்டு, சந்தாவை 600-இலிருந்து 750 ஆக உயர்த்துவது. மூன்று, வந்து சேர்ந்த ஏழு பொன்னாடைகளும் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று பொதுக்குழுதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்
குடியாத்தம், 28.09.2025