எடை போட்டுப் பார்க்க ஆள் உள்ளே போகவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதங்களில் ஒருவர், அணுகுண்டு செய்யப் பார்க்கிற நாட்டோடு உட்கார்ந்து பேசுவது வெட்டி வேலை, நாலு குண்டு போட்டால் தானாக அடங்குவார்கள் என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் செவ்வாய்பேட்டையில் 30 வருஷமாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளியை உருக்கிக் கம்பி இழுக்க ஒருவரிடம் கொடுப்போம், பற்றவைக்க இன்னொரு வீட்டுக்குப் போகும், பாலிஷுக்கு வேறொருவர். ஒவ்வொரு கைக்கும் எடை போட்டுத்தான் போகும், எடை போட்டுத்தான் திரும்பும், சேதாரம் எவ்வளவு என்று கிராம் கணக்கில் நோட்டில் ஏறும். சாயங்காலம் கூட்டுகிற குப்பையைக்கூடக் கொட்ட மாட்டோம், அதிலும் வெள்ளி இருக்கிறது.

வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, சரக்கின் சுத்தம் எவ்வளவு, எங்கள் பாஷையில் சொன்னால் டச் எவ்வளவு. 1992-ல் வடகொரியா, குண்டுக்கு ஆகிற புளூட்டோனியத்தைக் கொஞ்சம் கிராம்தான் பிரித்தோம், அதுவும் ஒரே தடவை என்று கணக்குக் கொடுத்தது. அங்கே துடைத்தெடுத்த தூசியைப் பரிசோதித்ததில் பல தடவை பிரித்திருப்பது தெரிந்துபோனது. அப்புறம் அந்த நாடு அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை விட்டு விலகி 2006-ல் குண்டு வெடித்தது உண்மைதான், அது பெரிய தோல்விதான். ஆனால் அந்தப் பொய் அன்றைக்கே பிடிபட்டதற்குக் காரணம் ஆள் உள்ளே போனது. அடுத்தவன் பட்டறைக்குள் தராசோடு நுழைய அனுமதியைப் பேசித்தான் வாங்க முடியும்.

ஈரானைப் பாருங்கள். வல்லரசுகளோடு போட்ட 2015 ஒப்பந்தத்தில் யுரேனியத்தின் செறிவு, அதாவது டச், 3.67 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, கையிருப்பு 300 கிலோவைத் தாண்டக்கூடாது என்று ஒத்துக்கொண்டார்கள், கூடுதலாக இருந்த சரக்கு டன் கணக்கில் கப்பலேறி ரஷ்யா போனது. முகமையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, சொன்னபடி நடக்கிறது என்றுதான் அறிக்கை கொடுத்தது. 2018-ல் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 2021-ல் செறிவு 60 சதவீதத்துக்குப் போய்விட்டது, குண்டுக்கு 90 வாக்கில் போதும். சரி, 2025 ஜூனில் அந்த வாசகர் ஆசைப்பட்டபடி குண்டும் போட்டாயிற்று. என்ன ஆனது? 400 கிலோவுக்கு மேலிருந்த 60 சதவீதச் சரக்கு எங்கே, எவ்வளவு மிச்சம் என்று மாதக்கணக்கில் ஆய்வாளர்களால் நேரில் பார்க்க முடியவில்லை. பட்டறையில் ஒரு கட்டி காணாமல் போனாலே எனக்குத் தூக்கம் வராது.

பேசியதால் நடந்ததும் இருக்கிறது. ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த பிரேசிலும் அர்ஜென்டினாவும் 1991-ல் ஒரு பொது அமைப்பு வைத்து, இவர்கள் ஆலையை அவர்கள், அவர்கள் ஆலையை இவர்கள் என்று இன்றுவரை சோதித்துக்கொள்கிறார்கள்.

நம் நாடு அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஐந்து நாடு மட்டும் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கூடாது என்பது ஓரவஞ்சனை, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் நாமே பாகிஸ்தானோடு 1988 டிசம்பர் 31-ல் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், அணு நிலையங்களை இருவரும் தாக்குவதில்லை என்று. 1992 முதல் வருஷா வருஷம் ஜனவரி 1 அன்று இரண்டு பக்கமும் அணு நிலையங்களின் பட்டியல் கைமாறுகிறது. கார்கில் சண்டைக்கு அப்புறம் வந்த ஜனவரியிலும் அது நிற்கவில்லை. அணுமின் நிலையங்களும் அந்த ஒப்பந்தத்தில் அடக்கம், அப்படியென்றால் நம் கல்பாக்கமும் கூடங்குளமும்தான்.

இந்தச் செய்தி ஒவ்வொரு புத்தாண்டிலும் பத்திரிகைகளில் ஏதோ ஒரு மூலையில் நாலு வரியில் வந்து போகிறது. வருகிற ஜனவரி 2 அன்று உங்கள் பத்திரிகையிலாவது அதை முதல் பக்கத்தில் போடுங்கள், அந்தப் பட்டியல் எப்படி வந்தது, யார் பேசி வந்தது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். எங்கள் பட்டறையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் வேலை செய்துகொண்டே கேட்போம்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறை வாசகர்,
செவ்வாய்பேட்டை, சேலம்